படத்தில் இல்லாதவர்

செல்லத்தாயின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையலுக்குச் சொல்லியாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகையும் அடித்து ராஜபாளையம் முழுக்கச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று. பத்திரிகையில் 'படத்திறப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திறப்பதற்குத்தான் படம் இல்லை.

அம்மாவை யாரும் படமே எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மகள் விஜியின் போனில் நாலைந்து இருந்தன. ஒன்றில் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. ஒன்றில் முகத்துக்குக் குறுக்கே கை. அய்யனார் கோவிலுக்குப் போன அன்று அருவிக்கு முன்னால் எல்லோரும் ஈரத் தலையோடு நிற்கிறார்கள். அதை எடுத்தவளே அம்மாதான், ஓரத்தில் அவள் விரல்நுனி மங்கலாக விழுந்திருக்கிறது. விஜியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், குடும்பப் படம் எடுக்கிற நேரமாகப் பார்த்து அம்மா பந்திக்கு இலை பார்க்கப் போயிருந்தாள். கேட்டால், "எனக்குப் போட்டோன்னாலே கண்ணு கூசும்ட்டி. நீங்க நில்லுங்க" என்பாள். அவளுடைய கல்யாணமோ கோவிலில் வைத்துத் தாலி கட்டியதோடு சரி. போட்டோ பிடிக்க அன்றைக்கு யாருக்கும் வசதியில்லை.

விஜி ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினாள். அப்பா சமுத்திரம், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனுஷன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"போலீஸு பிடிச்சு உக்கார வச்ச பொம்பள மாதிரில்லா இருக்கு. இத வைக்காத விஜி. அவள மாதிரி இருந்தா வையி. இல்லன்னா ஒண்ணும் வேண்டாம்."

விஜிக்கும் அதுதான் ஆசை. அப்பாவுக்காக மட்டும் இல்லை. அம்மாவின் கடைசி இரண்டு வருஷமும் டயாலிசிஸில் போயிற்று. முகம் ஊதி, கறுத்து, கண்கள் உள்ளே போய், வேறு யாரோ ஒருத்தியின் முகமாகிவிட்டது. இப்போது கண்ணை மூடினால் விஜிக்கு அந்த ஆஸ்பத்திரி முகம்தான் வந்தது. அதற்கு முந்தைய அம்மாவை நினைத்துப் பார்த்தால் நடை வருகிறது, குரல் வருகிறது, கொத்தமல்லி ஆய்கிற கை வருகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஆஸ்பத்திரி முகமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெற்றவளின் முகம் மகளுக்கு மறக்குமா? மதுரையில் இருக்கும் தன் புருஷனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அனுசியா சித்திதான் போனில் யோசனை சொன்னாள். அம்மாவுக்கு ஒரு வயது இளையவள், ஒரே தங்கை.

"ஏட்டி, நானும் ஒங்கம்மாவும் படிச்ச ஸ்கூல்ல வருசா வருசம் ஆண்டு மலருன்னு ஒரு புக்கு போடுவாவ. கிளாஸ் கிளாஸா போட்டோ இருக்கும். நான் இருக்கேன் அதுல, நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா இல்லாமலா போயிருவா? போயி கேட்டுப் பாரு."

மறுநாள் காலையிலேயே விஜி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி டீச்சர், காரணத்தைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் பீரோவைத் திறந்துவிட்டாள். பழைய மலர்களைப் பைண்டு செய்து அடுக்கியிருந்தார்கள். பூச்சி மருந்து வாடை மூக்கில் ஏறியது. எழுபத்து நாலாம் வருஷத்து மலரை எடுத்து, விஜி முதலில் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படங்களைத்தான் தேடினாள். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள். அம்மா பெயர் நிற்பவர்களில் இல்லை. அமர்ந்திருப்பவர்களில் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'படத்தில் இல்லாதவர்: ச. செல்லத்தாய்.'

சரி, அன்றைக்கு லீவு போட்டிருப்பாள் என்று அடுத்த வருஷத்தை எடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு. அதே இடத்தில் அதே வரி. பத்தாம் வகுப்பிலும் அப்படியே. பதினொன்றிலும் அதேதான், அந்த வருஷம் இன்னொரு பெண்ணும் துணைக்கு இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேயுமா அம்மா கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்?

"படம் இல்லாட்டி என்ன மேடம், பேரு வேற எங்கயாச்சும் இருக்கும், பாருங்க" என்று சொல்லி மாரீஸ்வரி டீச்சர் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

பெயர் இருந்தது. படங்களை விட்டுவிட்டு எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு, எங்கே திருப்பினாலும் அம்மாதான். நீளம் தாண்டுதலில் முதலிடம், ச. செல்லத்தாய். மறு வருஷமும் முதலிடம். அம்மாவா? வாய்க்காலைத் தாண்டக்கூடக் கையைப் பிடித்துக்கொள்கிற அம்மாவா? ஆண்டு விழா அறிக்கையில் தமிழாசிரியை எழுதியிருந்தார்: 'நாடகத்தில் அரசராக நடித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி செல்லத்தாயின் மீசை பாதியில் கழன்று விழுந்தது. அரசர் அதைக் குனிந்து எடுத்து, இது போரில் வீழ்ந்த மீசை என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தார். அவையோரின் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.'

'சிரித்து மகிழ' என்ற பக்கத்தில் ஒரு துணுக்கு.

'ஆசிரியை: கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

மாணவி: எங்கள் அம்மா திட்டுவதை வைத்து, டீச்சர். தண்ணீர் கீழே போகப் போகத் திட்டு மேலே வரும்.

சொன்னவர்: ச. செல்லத்தாய், பத்தாம் வகுப்பு.'

விஜி சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அந்த அம்மாவோடு இருந்திருக்கிறாள். வீட்டில் நாலு பேர் சிரித்துப் பேசினால், அடுப்படியில் நின்று கேட்டுவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிவிடுகிற அம்மா. அவளுக்கு இப்படி ஒரு துணுக்கு வாயில் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். போரில் வீழ்ந்த மீசையை எடுத்துச் செருகிக்கொண்ட அந்தப் பெண் எங்கே போனாள்? எப்போது போனாள்?

அனுசியா சித்தியின் வகுப்புப் படங்களும் அதே மலர்களில் இருந்தன. நாலு வருஷத்திலும் முன்வரிசைக்குப் பின்னால், பளிச்சென்ற வெள்ளைத் தாவணியில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு விஜி சித்தி வீட்டுக்குப் போனாள்.

சித்தி வாசலிலேயே காத்திருந்தாள். "கெடச்சுதா?"

"ஒங்க படந்தான் சித்தி கெடச்சுது."

சித்தி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "அடி ஆத்தா! நானா இது? எம்புட்டு முடி பாரு. இப்ப எலி வாலு கணக்கா ஆயிப்போச்சு." பக்கத்து அறையில் இருந்த மகனைக் கூப்பிட்டாள். "ஏலே பால்பாண்டி, இங்க வாயேன். ஒங்கம்மா அழகப் பாரு."

பால்பாண்டி எட்டிப் பார்த்தான். "மேக்கப்பு பலம் போல."

"போலே. பவுடருக்கே வழியில்ல, மேக்கப்பாம்."

"சித்தி, அம்மா ஒரு வருசங்கூட போட்டோவுல இல்ல. என்ன காரணம்?"

"அவளுக்கு அன்னிக்கு வயித்து வலி வந்திருக்கும்."

"நாலு வருசமுமா?"

"ஆமாட்டி. அந்தப் போட்டோ பிடிக்கிற அன்னிக்கு மட்டும் சொல்லி வச்சாப்புல வந்திரும் அவளுக்கு. எங்க ஊரு வன்னியம்பட்டியில இருந்து நான் மட்டுந்தான் நடந்து வருவேன். 'டீச்சர்ட்ட சொல்லிரு அனுசு, நீ என் தாவணியவே உடுத்திக்கிட்டுப் போ, நான் படுத்துத்தான கெடக்கப் போறேன்'ம்பா. காலையிலயே எந்திரிச்சு, சொம்புல நெருப்புக் கங்க அள்ளிப் போட்டு அந்தத் தாவணியத் தேய்ச்சு வச்சிருப்பா. ஒரு சுருக்கம் இருக்காது. என்னுது அதுக்கு முந்தின வருசத்துத் தாவணி. மஞ்சக் காவி ஏறி, அங்கங்க தச்சிருக்கும். அதோட போயி நின்னா பிள்ளைக சிரிக்கும்னு எனக்கு ஒரே…"

சித்தி கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக விரலால் படத்தைத் தள்ளினாள். ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு. ஒன்பது. பத்து. ஒவ்வொன்றிலும் அனுசியா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வயித்து வலிக்காரி காலையில எந்திரிச்சு உக்காந்து தேய்ப்பாளாட்டி?" என்றாள் சித்தி.

விஜி சித்திக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

"அந்த வயசுல எனக்கு அது தோணல பாத்தியா. பொறவும் தோணல. இத்தன வருசம் கழிச்சு நீ கேட்டுத்தான் தோணுது. அவ இருக்கும்போது தோணியிருந்தா, ஏட்டி கள்ளின்னு ரெண்டு அடியாச்சும் போட்டிருப்பேன்." சித்தி முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. "போட்டோன்னா கண்ணு கூசும்னு சொல்லுவால்ல? மொதல்ல எங்கிட்டத்தான் அப்படிச் சொன்னா. நான் நம்பணுமேன்னு சொன்னது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நெசமாயிட்டுது போல."

ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தவள் நேரே ஆல்வினின் ஸ்டுடியோவுக்குப் போனாள். பந்தல்காரர் சொல்லி அனுப்பிய இடம். ஆல்வின் ஆதார் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு போனில் இருந்த சித்தியின் பத்தாம் வகுப்புப் படத்தில் அவன் விரல் நின்றது.

"இது யாரு மேடம்?"

"அம்மாவோட தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே சாடைன்னு சொல்லுவாங்க."

"பொறவென்ன! இது ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா ஏ.ஐ.யே பாத்துக்கிடும். வயசக் கொஞ்சம் கூட்டி, சேலை கட்டி, நெத்தியில பொட்டு வச்சு, அம்மாவச் சிரிக்க வச்சிருவோம். இப்பல்லாம் பாதிப் படத்திறப்பு இப்படித்தான் மேடம் நடக்குது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிக்க வச்சிருவோம் என்ற சொல்லில் விஜி விழுந்துவிட்டாள். அம்மா சிரிக்கிற முகம். அது ஒன்று கிடைத்துவிட்டால் ஆஸ்பத்திரி முகம் தானாகப் போய்விடும் என்று நினைத்தாள்.

சட்டம் போட்டுப் படம் வீட்டுக்கு வந்தபோது மறுநாள் காலையில் காரியம். அழகான பெண். அளவான சிரிப்பு. விஜி ரொம்ப நேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அம்மாதான் என்றும் தோன்றியது, யாரோ என்றும் தோன்றியது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

சமுத்திரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "அனுசியா சின்னதுல இப்படித்தான் இருப்பா."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விஜி படத்தை வெள்ளைத் துணியால் மூடிவைத்தாள். பத்திரிகை போயிருந்தது, ஊர் திரண்டு வரப்போகிறது. வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் பந்தல் நிறைந்துவிட்டது. அப்பாவின் அண்ணன் துணியை விலக்கினார். பெரியம்மாக்களும் மதினிகளும் ஒருசேரக் குரல் எழுப்பினார்கள்.

"ஆத்தா, செல்லத்தாயி! அப்படியே இருக்காளே!"

"கண்ணப் பாரு மதினி, பேசுத மாதிரி இருக்கு."

"எங்கட்டி வச்சிருந்த இம்புட்டு நாளா இந்தப் போட்டோவ?"

பெரியப்பா மாலையை எடுத்துச் சட்டத்தில் போடப் போன நேரத்தில், பின்னால் இருந்து பால்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"நிப்பாட்டுங்க! பெரியப்பா, மாலையக் கீழ வைங்க. இது எங்கம்மா."

"ஏலே, என்ன ஒளறுத?"

"ஒளறல. ஸ்கூலு போட்டோவுல இருந்த மொகம் இது. பொட்டு வச்சு, சேல கட்டி விட்டா எனக்குத் தெரியாதா? உசுரோட இருக்குத பொம்பள மொகத்துக்கு மாலை போடுதியளே, நீங்கள்லாம் மனுசங்களா? விஜிக்கா, ஒனக்கு அம்மா போயிட்டா எங்கம்மாவையும் சேத்து அனுப்பணுமா?"

பெரியப்பா மாலையைப் பாம்பைப் பிடித்ததுபோல எட்டப் பிடித்துக்கொண்டார். தான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் விஜிக்கு முழுதாக உறைத்தது. ஓடிப்போய்ச் சட்டத்தைத் தூக்கக் கை வைத்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை விழுந்தது. அனுசியா சித்தி.

"இருக்கட்டும் விடு."

"சித்தி, வேண்டாம். தெரியாமச் செஞ்சுட்டேன்."

"விடுன்னேன்லா." சித்தி பெரியப்பா பக்கம் திரும்பினாள். "போடுங்க அத்தான் மாலைய. மொகம் மட்டுந்தான் என்னுது. மத்தது எல்லாம் அவளோடது. அவ நிக்க வேண்டிய எடத்துல அவ துணிய உடுத்திக்கிட்டு நான் போயி நின்னுருக்கேன். அவ மாலைய நான் ஒருக்க வாங்குனா என்ன கொறைஞ்சு போயிருவேன்?"

"யம்மா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" பால்பாண்டியின் குரல் உடைந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள், எல்லோருக்கும் முன்னால் சின்னப் பிள்ளைபோல அழுதான். "எனக்குப் பயமா இருக்கும்மா."

சித்தி மகனைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் உறுதியாக இருந்த அவள் கை தளர்ந்தது. விஜி சட்டத்தை எடுத்து முகம் உள்பக்கமாக இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா, மாலைய வெளக்குக்குப் போடுங்க. அம்மாவுக்குப் படம் இல்ல."

படம் இருந்த நாற்காலியில் குத்துவிளக்கை ஏற்றி வைத்து அதற்கு மாலையைச் சுற்றினார்கள். ஒவ்வொருவராக வந்து பூப்போட்டார்கள். சிலர் விளக்குக்கு எப்படி அழுவது என்று தெரியாமல் விஜியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சமுத்திரம் கடைசியாக வந்து ஒரு கை பூவைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நாற்காலியைப் பார்த்தாரா, அதற்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சித்தி புறப்பட்டாள். மூலையில் சாத்தியிருந்த சட்டத்தை அவளே எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றினாள்.

"இத நான் கொண்டு போறேன்."

"எதுக்கு சித்தி? ஒடைச்சுப் போட்டுருதேன்."

"சும்மா இரு. துட்டுப் போட்டுச் செஞ்சது. எனக்கும் ஒரு நாளு பதினாறு வரும்லா? அன்னிக்கு இவன் ஸ்டுடியோ ஸ்டுடியோவா அலைய வேண்டாம் பாரு."

"யம்மா!" என்று வாசலில் இருந்து பால்பாண்டி கத்தினான்.

"வாரேன்டா, ஒன் பைக்க எடு" என்று சொல்லிக்கொண்டே சித்தி விஜியின் கன்னத்தை ஒரு தரம் தடவினாள். சட்டத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள்.

பந்தல்காரர்கள் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்குத் திரி கருகி எண்ணெயில் சாய்ந்திருந்தது. விஜி போய் அவர் அருகில் உட்கார்ந்து போனை எடுத்தாள். மீசை விழுந்த கதையைப் படித்துக் காட்டினாள். கிணற்றுத் துணுக்கைப் படித்தாள். நீளம் தாண்டுதலில் முதலிடம் என்றாள்.

அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். "ராஜா வேசமா கட்டுனா?" என்று ஒரு தரம் கேட்டார். "எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்ல."

"நீங்க கேட்டிருக்கியளாப்பா?"

அவர் சாய்ந்த திரியை விரலால் நிமிர்த்தி வைத்தார். விஜிக்கும் அதைக் கேட்ட பிறகு, தானும் கேட்டதில்லை என்பது நெஞ்சில் இடித்தது.

"கல்யாணத்தப்ப அம்மா எப்படிப்பா இருப்பா? மொகம் எப்படி இருக்கும்? சொல்லுங்க. நான் கண்ண மூடிக்கிடுதேன்."

சமுத்திரம் தொண்டையைச் செருமினார். "அவ… மாநெறம். நெத்தி அகலம். சடை இடுப்புக்குக் கீழ கெடக்கும். ஊதாச் சேலை கட்டியிருந்தா. பஸ்ஸுல எங்கூட உக்காராம எங்கம்மாகூடப் போயி உக்காந்துக்கிட்டா. திரும்பித் திரும்பிப் பாத்தேன். அவளும் பாத்தா. அப்ப அவ மொகம்…"

விஜி கண்ணை மூடிக் காத்திருந்தாள். வெளியே ஒரு கம்பு தரையில் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"வரலம்மா" என்றார். "எம்புட்டோ நெனச்சுப் பாக்கேன் விஜி. கடைசி மொகந்தான் வருது."

விஜி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கும் அதான்ப்பா வருது" என்றாள்.